கோலம் வாசலில், கணக்கு உள்ளே: கணிதச் சொற்பொழிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கணிதச் சொற்பொழிவுக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்களுக்கு,

உங்கள் சுற்றறிக்கை சென்ற வாரம் நான் வேலை பார்த்த பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. இந்த டிசம்பர் 22 சொற்பொழிவுக்குக் கல்லூரி மாணவர்களும் பேராசிரியர்களும் மட்டுமே வரலாம், அடையாள அட்டை எண்ணோடு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், உரையும் கேள்வி நேரமும் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில் பொதுமக்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறீர்கள். அன்று காலை வளாக வாசலில் பெண்களுக்குக் கோலப்போட்டி, முதல் பரிசு குக்கர்.

ஆக, கோலம் வாசலில், கணக்கு உள்ளே. போன வருடம் உங்கள் ஹாலில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, இந்த இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தவள் நான். அதனால்தான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவள். அப்பா ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூ டிசைன் ஓட்டைக் கையால் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். போன முறை அழைப்பிதழில் 'கணிதமும் கலைகளும்' என்ற தலைப்பும், கீழே 'அனைவரும் வருக' என்ற வரியும் இருந்தன. அந்த வரியை நம்பி எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், அப்பாவிடம் தொழில் பழகிய பட்டறை அண்ணன், எங்கள் தெரு ஆச்சி. ஆச்சிக்கு வயது 78. மார்கழி முழுக்க விடியும் முன் புள்ளிகளைச் சுற்றிக் கம்பி (கோடு) வளைத்து இழுக்கிற சிக்குக் கோலம், பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவீட்டுக் கோலம் என்று எழுபது வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவர். சுற்றியுள்ள வீடுகளில் விசேஷம் என்றால் மாவு அரைத்து வைத்துக்கொண்டு ஆச்சிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வந்தவர்களில் பலருக்கு உரை புரியவில்லை, நடுவில் எழுந்து போனார்கள், சலசலப்பு இருந்தது என்பது உங்கள் குறை. அதில் பாதி உண்மை. என் பிள்ளைகளில் இரண்டு பேர் தூங்கினார்கள். நாங்கள் எழுந்து போனதும் உண்மை, ஏனென்றால் கடைசி டவுன் பஸ் 7.20க்கு. ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் பொன்னாடைகள் எல்லாம் போர்த்தி முடித்து ஆறு ஐந்துக்குத்தான் உரைக்கு வந்தது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தையும் புரியாதவர்கள் கணக்கில் எழுதினால் எப்படி?

பேச வந்தவர்மேல் எனக்குத் துளியும் குறை இல்லை. நல்ல உரை. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும், கணக்கு நன்றாக வரும் என்பதால் முக்கால்வாசி பிடிபட்டது. ஸ்பெயினில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர்களைக் காட்டினார். எஷர் என்ற ஓவியர் 1922இல் ஒரு முறையும் 1936இல் மறுமுறையும் அங்கே போனதையும், சுவரில் இருந்த ஓட்டு வடிவங்களை உட்கார்ந்து நகல் எடுத்ததையும் சொன்னார். ஒரு வடிவத்தைத் திருப்பி, நகர்த்தி, கண்ணாடியில் காட்டுவதுபோல் மாற்றி ஒரு தளம் முழுக்க நிரப்புவதற்கு 17 வகைதான் உண்டு, பதினெட்டாவது கிடையாது என்றார். 1891இல் ஃபெதரோவ் என்ற ருஷ்யர் இதை நிறுவியிருக்கிறார். 1924இல் போயா என்ற கணித அறிஞர் 17க்கும் படம் போட்டு வெளியிட்டார். அந்தப் படங்களை எஷர் தன் நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டாராம். கணிதக் கட்டுரையின் எழுத்து அவருக்குப் புரியவில்லை, படம் புரிந்தது. உங்கள் சுற்றறிக்கையில் 'கணிதப் பின்னணி இல்லாதவர்கள்' என்று ஒரு சொல் வருகிறதே, அந்த எஷரையும் அதில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? சிவப்புக் கார்ப்பெட். கார்ப்பெட்டுக்குக் கீழே அந்த ஹாலின் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். பட்டறை அண்ணன் உரை நடக்கும்போதே கார்ப்பெட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெம்பி எட்டிப் பார்த்தார். என் காதருகே குனிந்து, "இது பழைய அச்சு டீச்சர், இப்ப இந்தத் தகடு வெட்ட ஆள் இல்ல" என்றார். அங்கே திரையில் ஸ்பெயின் ஓடு. இங்கே துணி போட்டு மூடிய நம்மூர்க் கல்.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் தகட்டு அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அப்புறம் அச்சைத் தூக்க வேண்டும். அதுதான் வேலை. ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு போய் மஞ்சளில் இறங்கிவிடும். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டி எடுத்து வைப்பார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில். காயும்போது கண்ணாடி தானே விட்டுக்கொள்ளும், கல்லில் அந்தக் கண்ணாடி வழவழப்பு நின்றுவிடும். எந்த மெஷினும் பாலிஷ் போடுவதில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா நான்கு கற்களைத் தரையில் வைத்து விளையாடச் சொல்வார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு மூலையில் கால்வாசிப் பூ. நான்கையும் சரியாகத் திருப்பி வைத்தால் நடுவில் முழுப் பூ வரும். ஒரு கல்லை நான்கு விதமாக வைக்கலாம், நான்கு கல் என்றால் 4 × 4 × 4 × 4, அதாவது 256 விதம். அதில் ஒன்றில்தான் நடுவில் பூ. "மத்த 255ம் தப்பாப்பா?" என்று கேட்டேன். "தப்பு இல்லத்தா, வேற டிசைன்" என்றார். "ஆனா எப்படித் திருப்புனாலும் ஓரத்துக் கோடு பக்கத்துக் கல்லுல போய் முட்டணும். அப்படி வெட்டுனாத்தான் அது அச்சு." உங்கள் பேச்சாளர் ட்ரூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் 1704ஆம் வருடக் கட்டுரையைக் காட்டினாரே, இரண்டு நிறமாகக் குறுக்கே பிரித்த சதுர ஓடுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று, அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கட்டடத்தில் பதிப்பதற்காக வைத்திருந்த ஓடுகளைப் பார்த்துத்தான் ட்ரூஷேவுக்கே அந்த யோசனை வந்ததாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் வாழ்நாளில் லட்சக்கணக்கில் கல் போட்டவர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உரையில் கோலத்துக்கு ஒரு ஸ்லைடு இருந்தது. ஒன்றரை நிமிடம் இருக்கலாம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்தை வைத்து எழுதிய ஆய்வைச் சொன்னார். கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுதுகிற அதே முறையில் கோலத்துக்கும் இலக்கணம் எழுதியிருக்கிறார்கள் என்றார். அந்த ஸ்லைடு வந்ததும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார், சொன்னேன். உடனே ஆச்சிக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது.

"கம்பிக் கோலத்துல சில புள்ளிக்கு ஒரே கம்பியில முடியுது. சிலதுக்கு முடிய மாட்டேங்குது, ரெண்டு கம்பி மூணு கம்பின்னு வந்துருது. எத்தனை வைச்சா எத்தனை வரும்னு கைக்குத் தெரியும். ஏன்னுதான் தெரியல. அவரைக் கேளு டீச்சர்."

"நீங்களே கேளுங்க ஆச்சி" என்றேன். அந்தத் தப்பு என்னுடையது.

கேள்வி நேரத்தில் ஆச்சி கையைத் தூக்கினார். மைக் பிடித்திருந்த இளைஞர் எங்கள் வரிசைக்கு வந்தார். ஆச்சி, "ஐயா, இந்தக் கம்பிக் கோலத்துல..." என்று தொடங்கியதும் மேடையில் இருந்த ஒருங்கிணைப்பாளர், நேரம் குறைவு, கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆச்சிக்கு அது புரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். மைக் கையைவிட்டுப் போன பிறகும் இரண்டு வாக்கியம் பேசினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து மொழிபெயர்க்கிறேன் என்று சொல்வதற்குள் மைக் வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த கேள்வி, இந்த ஸ்லைடுகளை மின்னஞ்சலில் அனுப்புவீர்களா என்பது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து வந்துவிட்டோம். உங்கள் ஹால் படியில் நின்று ஆச்சி என் கைப்பையில் இருந்த சாக்பீஸை வாங்கினார். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளி. அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் நடுவில் கம்பிகள் குறுக்கே வெட்டிப் போகும்படி இழுத்தார். தொடங்கின இடத்துக்கே வந்து கம்பி மூடிக்கொண்டது, ஆனால் பாதிக் கோலம்தான் முடிந்திருந்தது. மிச்சத்தை இன்னொரு கம்பியில் போட்டார். "பாத்தியா, நாலுக்கு ஆறுன்னா ரெண்டு. இதே அஞ்சுக்கு ஏழு வைச்சா ஒண்ணுலயே முடியும். ஆறுக்கு ஒம்பது வைச்சா மூணு." கையைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது. பஸ்ஸில் அழைப்பிதழின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கு ஐந்து, ஒன்று. நான்குக்கு நான்கு, நான்கு கம்பி. இரண்டுக்கு ஆறு, இரண்டு. வீட்டுக்கு வந்தும் விடவில்லை, ராத்திரி பதினொன்று வரை தரையில் போட்டேன். ஒவ்வொன்றும் அந்த இரண்டு எண்ணின் மீ.பொ.வ. ஆறாம் வகுப்பில் நான் முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே மீப்பெரு பொது வகுத்தி, இரண்டு எண்ணையும் மீதி இல்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண். ஓரத்துக்குப் போன கம்பி, கேரம் ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டுத் திரும்புவதுபோல மடங்கித் திரும்புகிறது. நீளவாக்கில் போய் வருவதும் அகலவாக்கில் போய் வருவதும் ஒரே சமயத்தில் முடிகிற இடத்தில்தான் கம்பி மூடும். அது மீ.பொ.ம., அதாவது மீச்சிறு பொது மடங்குக் கணக்கு. மொத்தப் பாதையையும் அப்படி ஒரு கம்பியின் நீளத்தால் வகுத்தால், எத்தனை கம்பி என்று வருவது மீ.பொ.வ. முப்பத்தோரு மார்கழி அந்தத் தெருவில் நடந்து பள்ளிக்குப் போயிருக்கிறேன், தினமும் வாசலில் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் 'மீ.பொ.வ எதுக்கு டீச்சர்?' என்று கேட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு ஏதோ கயிறு வெட்டுகிற கணக்கைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

அன்று மாலை உங்கள் ஹாலில் கேட்கப்பட்டிருக்கக்கூடிய ஒரே கணிதக் கேள்வி அதுதான். அதை நிறுத்தினீர்கள். இந்த வருடம் கேட்பவரையே நிறுத்துகிறீர்கள்.

தமிழில் சொன்னால் கணிதத்தின் துல்லியம் போய்விடும் என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். அவரோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஒன்று மட்டும் கேட்கிறேன். நேர், நிரை என்ற இரண்டே அசையை வைத்து ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்று நாம் மனப்பாடம் செய்யவில்லையா? தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு இரண்டின் அடுக்குகளைப் புரியவைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் பேச்சாளர் பாக் என்ற ஜெர்மானிய இசைஞர் ஒரே மெட்டை முன்னும் பின்னுமாக வாசிக்க வைத்ததைப் போட்டுக் காட்டினார். நன்றாக இருந்தது, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நம்மூர்க் கல்யாணத்தில் தவில்காரர் வாசிப்பை முடிக்கிற தீர்மானம் வைக்கிறபோது அதற்குப் பெயரே கணக்குதான். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காகப் பிரித்தால் 32. ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசிக்க வேண்டும், நடுவில் இரண்டு சம இடைவெளி விட வேண்டும், தாளம் தொடங்குகிற சமத்தில் வந்து விழ வேண்டும். சொற்கட்டு பத்து என்றால் இடைவெளி ஒன்று. எட்டு என்றால் நான்கு. ஆறு என்றால் ஏழு. ஒன்பது என்றால்? இடைவெளி இரண்டரை வரும், அரை மாத்திரை உடையும். இந்தச் சமன்பாட்டுக்கு முழு எண் விடைகளை மேளக்காரர் தொடையில் தட்டியே கண்டுபிடிக்கிறார். கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாவும் அப்படித்தான். மத்திமம் இரண்டு, ரிஷப காந்தார ஜோடி ஆறு, தைவத நிஷாத ஜோடி ஆறு, பெருக்கினால் 72. இதில் எந்த வரி உங்களுக்குத் துல்லியக் குறைவாகப் படுகிறது?

சொற்பொழிவு நாளாக நீங்கள் வைத்திருக்கும் டிசம்பர் 22 ராமானுஜனின் பிறந்தநாள். 1887இல் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரியில் இருந்து எழுதிய எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. அப்புறம் சில வருடம் கையில் நோட்டுப்புத்தகம் மட்டும்தான், கல்லூரி இல்லை. அந்த வருடங்களில் அவர் உங்கள் கூகுள் ஃபார்மைத் திறந்திருந்தால் அடையாள அட்டை எண் கேட்கிற கட்டத்தில் நின்றிருப்பார். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இந்த விதியை வைப்பது எனக்குப் பொருந்தி வரவில்லை.

கோலப்போட்டிக்கு வருகிறேன். நான் போட்டிக்கு எதிரி இல்லை. குக்கர் யாருக்கும் ஆகாத பொருளும் இல்லை. ஆனால் உங்கள் வாசலை அலங்கரித்துத் தந்துவிட்டு, உள்ளே கோலத்தைப் பற்றிப் பேச்சு தொடங்குகிறபோது அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோலத்தின்மேல் நடந்துதான் எல்லோரும் உள்ளே வருவார்கள். சரி, அது கோலத்தின் தலையெழுத்து. போட்டவர்களுக்குமா?

ஆகவே என் கோரிக்கைகள். பதிவு விதியைத் திரும்பப் பெறுங்கள். இட நெருக்கடி என்றால் பாதி நாற்காலியைக் கல்லூரிக்கும் பாதியை ஊருக்கும் ஒதுக்குங்கள், முதலில் வருபவர் உட்காரட்டும். அழைப்பிதழில் பழையபடி 'அனைவரும் வருக' என்று போடுங்கள், போட்டால் அப்படியே நடத்துங்கள்.

உரை ஆங்கிலத்தில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை, வெளியூர் அறிஞர்கள் வர வேண்டும். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல ஒருவரை வையுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன், பணம் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். தமிழில் கேட்கும் கேள்விக்கும் மைக் நிற்க வேண்டும் என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குங்கள், 7.20க்கு மேல் எங்கள் பக்கம் பஸ் கிடையாது.

கோலப்போட்டியை ரத்து செய்து, அந்தச் செலவில் உரைக்கு முன் நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். கோலம் போடுகிற ஒருவர், கல் போடுகிற ஒருவர், தவில் வாசிக்கிற ஒருவர் மேடையில் செய்து காட்டட்டும். வெளியூர்ப் பேச்சாளருக்கு என்ன மதிப்பூதியமோ அதே கணக்கில் இவர்களுக்கும் கொடுங்கள், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பாதீர்கள். கார்ப்பெட்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.

மார்கழி பிறப்பதற்குள் பதில் வேண்டும், எழுத்தில். ஆச்சியிடம் நான் கண்டுபிடித்த விடையைச் சொல்லிவிட்டேன். அவருக்கு இப்போது அடுத்த கேள்வி இருக்கிறது: நேர்ப்புள்ளி சரி, ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வருகிற ஊடுபுள்ளிக் கோலத்துக்கு அந்த விதி என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த வருடமும் வருகிறார். முன்வரிசையில் கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், அவருக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி,
ஆத்தங்குடிப் பக்கம்